உரலும் ஒரு ரப்பர் பாயும்: அண்டைவீட்டுச் சண்டையைத் தீர்க்கும் சேவைக்கு என் மதிப்பெண்

கோப்பிக்கடைக்கு விமர்சனம் எழுதுகிறோம், கைப்பேசிக்கு எழுதுகிறோம், குடியிருக்கிற வீட்டின் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் யாரும் எழுதுவதில்லை என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு) வீட்டில்தான் இருக்கிறோம். சாவி வாங்கிய அன்று பால் காய்ச்சி 'சொந்த வீடு' என்று எல்லோருக்கும் சொன்னாலும் காகிதத்தில் அது 99 ஆண்டுக் குத்தகை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தேகமும் கிடையாது. ஆக நம்மில் பெரும்பாலோருக்கு வீட்டுக்காரர் ஒருவர்தான். குழாய் ஒழுகினாலோ மின்தூக்கி நின்றுபோனாலோ என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மேல்வீடும் கீழ்வீடும் முட்டிக்கொண்டால்? அதற்குச் சமூக சமரச நிலையம் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்கிற இடம். அதைப் போன வருடம் நேரில் பார்த்தேன். அதுவும் புகார் கொடுத்தவனாக இல்லை, புகாருக்கு ஆளானவனாக.

குற்றவாளி எங்கள் வீட்டுக் கல்லுரல். இரண்டு கையளவுதான் இருக்கும், ஆனால் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். அம்மா காலை ஆறு மணிக்கு இஞ்சி, பூண்டு, மிளகு என்று அதில் தட்டுவார். மிக்ஸியில் அரைத்தால் ருசி வராது என்பது அவர் கட்சி. அம்மா வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். அங்கே விடிகாலையில் உரல் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்து நிற்பாராம், 'கொஞ்சம் எனக்கும்' என்று. இங்கே சத்தம் தரை வழியாக இறங்கி, கீழே இருக்கிற சீன அங்கிளின் தலைமாட்டில் போய் விழுந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. பதினான்கு மாதம் தெரியாது!

முதலில் தெரிந்தது கடிதம் மூலமாக. எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, எல்லா அலுவலகக் கடிதங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும்: 'உங்கள் வீட்டிலிருந்து இரைச்சல் வருவதாகத் தகவல் கிடைத்துள்ளது, அண்டைவீட்டாருக்கு விட்டுக்கொடுத்து நடந்துகொள்ளுங்கள்.' யார் சொன்னது, எந்த நேரம், என்ன சத்தம், ஒன்றும் கிடையாது. அம்மா அந்தக் கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து மின்தூக்கியில் வருகிற ஒவ்வொருவரையும் இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று பார்க்க ஆரம்பித்தார். எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தோடு இருபது வருடப் பழக்கம், அவர்கள் மீதே இரண்டு வாரம் சந்தேகம். ஒரு பெயரில்லாக் கடிதம் ஒரு மாடி முழுவதையும் எதிரியாக்கிவிடுகிறது. இந்தச் சேவையின் இந்தப் பகுதிக்கு 5க்கு 1. அந்த ஒன்றும் தமிழில் எழுதியிருந்ததற்காக.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். மக்களைக் கலந்து வைக்கிற வேலையை நம் வீட்டுக்காரர் அளவுக்கு யாராவது அழுத்தமாகச் செய்கிறார்களா என்று தெரியவில்லை. 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஓர் இனத்தவர் அதிகபட்சம் இத்தனை வீட்டில்தான் இருக்கலாம் என்று வட்டாரத்துக்கு ஒரு விகிதம், ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கும், அதாவது புளோக்குக்கு, ஒரு விகிதம். இந்தியர், பிற இனத்தவருக்கு ஆரம்பத்தில் வட்டாரத்தில் 10 விழுக்காடு, புளோக்கில் 13. 2010இல் அதை 12, 15 என்று உயர்த்தினார்கள். அதனால்தான் எங்கள் மாடியில் அரிச்சந்தன ஊதுபத்தியும், சீனர் வீட்டு ஊதுபத்தியும், ஹரிராயாப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டு ரெண்டாங் இறைச்சியும் ஒரே வராந்தாவில் மணக்கின்றன. கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுச் சாவு. கூடாரத்தைத் தாண்டித்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகவேண்டும், போகிறபோது தலை தானாகக் குனிகிறது. இந்த மாதிரிப் பழக்கத்தை எந்தப் பிரசாரமும் உண்டாக்காது, கட்டட அமைப்புதான் உண்டாக்கும்.

ஆனால் அதற்கு விலை கொடுப்பவர்களில் நாமும் உண்டு. புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டால் இந்தியர் ஒருவர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான், ஆகவே விலையைக் குறைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ரொம்ப வருடம் இந்தக் குறையைக் கேட்டுக் கேட்டு, 2022இல்தான் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்தார்கள். கலப்புக்கு 4 நட்சத்திரம். அரை நட்சத்திரம் கூடக் கொடுத்திருப்பேன், என் மாமா தன் வீட்டை விற்க அலைந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

விகிதத்தால் பக்கத்துப் பக்கத்தில் குடிவைக்க முடியும், பேசவைக்க முடியாது. அந்த இடத்தில்தான் சமூக சமரச நிலையம் வருகிறது. 1997இல் சட்டம், 1998இல் முதல் நிலையம். இந்தப் பெயரைச் சொன்னாலே தமிழர்களுக்கு 2011 கறி விவகாரம்தான் ஞாபகம் வரும் (இங்கே கறி என்றால் மசாலாக் குழம்பு). சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்றது. இவர்கள் கதவு ஜன்னலை மூடிச் சமைத்தும் ஆகவில்லை. கடைசியில் சமரசத்தில் என்ன முடிவு என்றால், சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோதுதான் இவர்கள் கறி வைப்பார்கள், பதிலுக்கு அவர்கள் அந்தக் கறியை ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். சம்பவம் பழையது, ஆனால் செய்தி 2011 ஆகஸ்ட்டில் வெளிவந்ததும் நாடே கொதித்தது. 21ஆம் தேதி எல்லா இனத்தவரும் வீட்டில் கறி வைத்துப் பகிர்ந்துகொள்ளும் நாள் ஒன்றையே நடத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு மீன்தலைக் கறி. அந்த முடிவு இரண்டு தரப்பும் தாங்களே பேசி எடுத்தது, சமரசம் செய்தவர்கள் திணித்தது இல்லை என்று அரசாங்கம் விளக்கம் சொன்னது. அப்போது நான் நம்பவில்லை. போய் உட்கார்ந்து பார்த்த பிறகு நம்புகிறேன்.

ஏனென்றால் அவர்கள் தீர்ப்புச் சொல்லவே மாட்டார்கள். தொண்டூழியர்கள் இரண்டு பேர், ஒரு மேசை, தண்ணீர், டிஷ்யூ பெட்டி. வழக்கறிஞர் வேண்டாம். யார் சரி, யார் தப்பு என்ற கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டாலும் நழுவுகிறார்கள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, அதனால் அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் வெளியே, வரிசையாகப் போட்ட நாற்காலியில் நடந்ததைச் சொல்லலாம் இல்லையா?

அங்கிளும் அம்மாவும் மூன்று நாற்காலி தள்ளி, ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மாண்டரின் தெரியாது, அங்கிளுக்கு ஆங்கிலம் அரைகுறை. பத்து நிமிடம் கழித்து அம்மா, இவ்வளவு நேரம் ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கும்போது பேசாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியதோ என்னவோ, திரும்பி "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று பசார் மலாயில், அதாவது சந்தையில் பேசுகிற எளிய மலாயில். அங்கிள் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை, வேலை முடிந்து நேராக வருகிறேன் என்று அதே மலாயில் பதில் சொன்னார். இரவு முழுவதும் காவலாளி வேலையாம். காலையில் வந்து படுக்கிறவர். படுத்த கொஞ்ச நேரத்தில் எங்கள் உரல். இதை முதல் மாதத்திலேயே யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே நிறுத்தியிருப்பார், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். இப்போது எங்கள் உரலுக்கு அடியில் மாவுப்பலகை தடிமனுக்கு ஒரு ரப்பர் பாய் இருக்கிறது, அம்மா வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மொத்தமாகத் தட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு நாலரை நட்சத்திரம். குறைந்த அரை, அங்கே போய்ச் சேர எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனதற்காக.

இன்னொரு சிக்கல், எங்கள் காலம் வரைக்கும் இது இரண்டு பேரும் மனம் வைத்தால்தான் நடக்கிற காரியம். எதிராளி வரமாட்டேன் என்றால் அப்புறம் 2015இல் வந்த சமூகப் பூசல்களுக்கான நடுவர் மன்றம். அது 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், தொந்தரவை நிறுத்து என்று ஆணையிடலாம். ஆனால் ஆதாரத்தை நீங்கள்தான் சேர்க்கவேண்டும். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்தை எப்படிச் சேர்ப்பது? இரவு பத்து முதல் காலை எட்டு வரை அமைதி நேரம் என்று 2022இல் ஒரு சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது, நல்லதுதான், ஆனால் அங்கிள் மாதிரிப் பகலில் தூங்குகிறவருக்கு அதில் இடமில்லை. 2025இல் தெம்பனிஸில் ஒரு புதிய பிரிவை முன்னோட்டமாகத் தொடங்கியிருக்கிறார்கள். அதிகாரிகள் நேரில் வந்து விசாரிப்பார்கள், சமரசத்துக்குப் போ என்று கட்டாயப்படுத்துவார்கள், தேவைப்பட்டால் இரைச்சலை அளக்கிற கருவியும் வைப்பார்கள். ரொம்ப மோசமான வழக்குகளுக்கு மட்டும். என் ஆசை நேர்மாறு: அதிகாரம் எதுவும் இல்லாத ஓர் ஆள், முதல் புகார் வந்த வாரமே, கதவைத் தட்டி 'அங்கிளுக்கு இரவு வேலை' என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாடகை வீடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாக இருக்கும் ஏழைகள் இரண்டு பேர் சேர்ந்துதான் ஓரறை வீடு எடுக்கமுடியும் என்ற திட்டத்தில், முன்பின் தெரியாத இரண்டு பெரியவர்கள் ஒரே அறையில், ஒருவருக்கு விசிறி வேண்டும், ஒருவருக்கு ஆகாது. அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு என் உரல் கதை சிரிப்பாக இருக்கும். 2021 கடைசியில் ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது. வீடுகளை நடத்த ஓர் அமைப்பை வைத்து, பழக்கவழக்கம் ஒத்துப்போகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்து வைக்கிறார்கள், நடுவில் தடுப்பும் உண்டு. சண்டை வந்த பிறகு தீர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதற்கு யோசிக்காமல் 4.

போகப்போகிறவர்களுக்கு: பெரியவர்களைக் கூட்டிப்போனால் அவர்கள் மொழி பேசுகிற ஆள் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நேரமாகும். கையெழுத்துப் போடும் முன் 'காலையில்', 'சத்தமில்லாமல்' போன்ற வார்த்தைகளை அடித்துவிட்டு மணியை எண்ணில் எழுதச் சொல்லுங்கள். காலை என்றால் எங்கள் அம்மாவுக்கு ஆறு, அங்கிளுக்கு அது நடுராத்திரி.