செய்தியா, அலசலா?

தண்டையார்பேட்டை டீக்கடைகளில் காலையில் தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து கைமாறும். சாயங்காலம் அதே பெஞ்சில், யாரோ ஒருவரின் செல்போனில் அரசியல் விமர்சகர் முழங்கிக்கொண்டிருப்பார். கூட்டம் இரண்டாவதற்குத்தான் அதிகம்.

காரணம் புரியாமல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. எவ்வளவு தூரம் பரவியது, பசுமைத் தீர்ப்பாயம் என்ன கேட்டது என்பதெல்லாம் செய்தியில் வந்தன. வலை கறுத்துப்போன மீனவருக்கு அது போதுமா? "எல்லாம் ஏன் வடசென்னை தலையிலேயே விடியுது?" என்று விமர்சகர்தான் வாய்விட்டுக் கேட்கிறார். நமக்கு இந்த ருசி புதுசும் இல்லை. முரசொலியில் கருணாநிதியின் உடன்பிறப்புக் கடிதங்களுக்கும், 1970-ல் சோ தொடங்கிய துக்ளக்கின் கேள்வி-பதிலுக்கும் காத்திருந்து படித்தவர்கள் உண்டு.

ஆனால் அதே மாதம் 26-ம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது தேவைப்பட்டது வேறு. எந்தப் பக்கம் ஓடுவது, எந்த ஆஸ்பத்திரி, கசிவு நின்றதா? அங்கே அலசல் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. தவிர, விமர்சகர் யார் என்று பார்த்ததுமே தீர்ப்பு தெரிந்துவிடுகிறது. வீடியோவின் தலைப்பில் 'அம்பலம்!' என்று வேறு இருக்கும்.

என் ஓட்டு செய்திக்குத்தான். விமர்சகரையும் கேட்கலாம், தப்பில்லை. முதலில் தந்தியில் நாலு வரி, அப்புறம் அவர். வரிசை மாறினால் மறுநாள் பேப்பரையும் அவர் கண்ணால்தான் படிப்போம்.