தம்பியோடு புதுச்சேரியில் ஐந்து வாரம்

இந்த முறை பாரிஸிலிருந்து லீவு போட்டு வந்ததே தம்பிக்காகத்தான். மனச்சிதைவு நோய்க்குப் பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான், இப்போது குளோசபின். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் முத்தியால்பேட்டை டீக்கடையில் "என்னப்பா, காலையிலேயே வந்துட்ட?" என்று யாராவது கேட்டால், விரட்டுகிறார்கள் என்று நினைத்துப் பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவான். முகக்குறிப்பும் சாடைப்பேச்சும் பிடிபடாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி. மாத்திரைக்கு அவ்வளவாக மசியாத பகுதி. எனக்கே இது போன வருடம்தான் தெரிந்தது. அதுவரை திமிர் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்து முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். தலையில் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுவார்களாம். 30 தடவை, 60,000 ரூபாய், முடிந்தால் எல்லாரோடும் சகஜமாகப் பழகுவானாம். அமெரிக்காவில் 2008-இல் இந்த முறைக்கு அனுமதி கிடைத்தது மனச்சோர்வுக்கு. முகம் படிக்கும் திறனுக்கு இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. அதைவிட, வலிப்பு வந்ததுண்டா, என்ன மாத்திரை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. குளோசபினே வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். காந்தத் தூண்டலிலும் அபூர்வமாக வலிப்பு வரலாம். முன்பணம் கேட்டபோது எழுந்துவிட்டேன்.

அப்புறம் அவன் வழக்கமாக மாத்திரை வாங்கும் அரசு மருத்துவமனையிலேயே கேட்டோம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தலையில் வைத்த ஈர ஸ்பாஞ்சு வழியாக 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் போலச் செலுத்தும் எளிய முறையும் உண்டாம். அதை, முகக்குறிப்பையும் சாடைப்பேச்சையும் புரிந்துகொள்ளச் சொல்லித்தரும் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்றும் ஆய்வு செய்கிறார்களாம். "இப்போதைக்குப் பயிற்சிக்குத்தான் ஆதாரம் அதிகம். அதில் ஆரம்பிங்க."

வாரம் இரண்டு நாள், ஆறு பேர், ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா, ஒரு டிவி. சீரியலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, "இவங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேட்பார். (சீரியல் மாமியாரின் கோபத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் முதல் நாள் தம்பி அதைப் பயம் என்றான்.) பிறகு ஒரு நோட்டு: இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'நினைத்தது'. 'பக்கத்து வீட்டு அண்ணன் கதவைச் சாத்தினார்' இடப்பக்கம். 'என்னைப் பிடிக்கவில்லை' வலப்பக்கம். 'கொசு வரும் நேரம்' என்று அதற்குக் கீழே இன்னொரு காரணமும் எழுத வேண்டும். இந்தத் திறனை வெளிநாட்டுக் கதைகளை வைத்து நம் ஆட்களிடம் சோதித்தால் சரிவராது என்று பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் நம் சூழலுக்கேற்ற சோதனைகளை 2011-லேயே வெளியிட்டிருக்கிறார்கள் என்பதும் அந்த அம்மா சொல்லித்தான் தெரியும்.

குறையும் உண்டு. காத்திருப்பு அதிகம், மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். சங்கரா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம், "வாங்க வந்தியா, ஜோசியம் பாக்க வந்தியா?" என்றார் மீன்காரம்மா. தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, இது கோவமா, கிண்டலா?"

"தெரியலடா. அவங்களையே கேளு."

கேட்டான். அந்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். விலையில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.