ரிஷிகேஷில் ஒரு வாரம்: மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள் கவனத்துக்கு

சும்மா உட்கார்ந்து கங்கையைப் பார்க்க, வட இந்தியாவின் ரிஷிகேஷ் அருமையான ஊர். ஆனால் நம் கேமரன் மலைக் குளிரை நினைத்து மே மாதம் போகாதீர்கள். ஊர் சுமார் 350 மீட்டர் உயரத்தில்தான், வெயில் நம் எஸ்டேட்டைவிட மோசம். ஜூலை, ஆகஸ்டில் மழையோடு, கங்கை நீர் சுமக்கும் வடக்கத்திக் காவடிக் கூட்டம், நம் தைப்பூசம்போல. அக்டோபர், நவம்பர்தான் சரி.

ஜனவரியில் அறைக்குள்ளேயே விறைக்கும். ஹீட்டர் உண்டா, கீசர் (குளியலறை வெந்நீர்த் தொட்டி) எத்தனை லிட்டர் என்று முன்பே கேளுங்கள். 15 லிட்டர் ஒருவருக்குத்தான் காணும். நம் சதுரமுள் பிளக் அங்கே நுழையாது, வட்டமுள் அடாப்டர் வேண்டும். ஊருக்குள் கறி, மது கிடையாது. டேராடூன் விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். டில்லியிலிருந்து காரில் போய் இடுப்பொடிய வேண்டாம்.