ஃபாயில் ஆர்ம்ஸ் அண்ட் ஹாக்: ஸ்கிட் போடும் மதுரைப் பசங்களுக்கு ஓர் அயர்லாந்து யூடியூப் சேனல்

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஷான் ஃபினெகன், கானர் மெக்கென்னா, ஷான் ஃபிளனகன் மூவரும் 2008-இல் ஆரம்பித்த நகைச்சுவைக் குழு இது. ஆணோ பெண்ணோ, யார் வந்தாலும் இவர்கள்தான். விக் மட்டும் மாறும். வியாழக்கிழமைதோறும் ஒரு ஸ்கெட்ச், அதாவது குட்டி நகைச்சுவை நாடகம்; பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். கல்ச்சுரல்ஸுக்கு ஆள் சேர்க்கும்போதே எட்டுப் பேரைப் பிடிக்கும் நம் கல்லூரிக் குழுக்கள் அவசியம் பார்க்க வேண்டிய சேனல்.

தொடங்க ஏற்றது 'ஆன் இங்கிலீஷ்மேன் ப்ளேஸ் ரிஸ்க்'. ரிஸ்க் என்பது உலக வரைபடத்தில் படை நகர்த்தி நாடு பிடிக்கும் போர்டு கேம். அதில் வெள்ளைக்காரன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மருதநாயகம் 1764-இல் தூக்கிலேறிய ஊரில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அடுத்து 'வென் ஐரிஷ் பீப்பிள் கான்ட் ஸ்பீக் ஐரிஷ்'. அங்கே ஐரிஷ் மொழி பள்ளியில் கட்டாயப் பாடம். இருந்தும் பலருக்கு மிஞ்சுவது, டீச்சரிடம் பாத்ரூம் போக அனுமதி கேட்கிற மாதிரி சில வரிகள்தான். இதை மேடையேற்ற நினைப்பவர்கள் வசனத்தை அப்படியே தமிழாக்கினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். சிரிப்பு இருப்பது மாட்டிக்கொண்டவன் சமாளிப்பதில். இந்திப் பிரச்சார சபாவில் பிராத்மிக், மத்யமா எல்லாம் பாஸ் பண்ணியவன், டெல்லி ஆட்டோக்காரரிடம் பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிறான் என்று மாற்றுங்கள்; சட்டகம் அவர்களுடையது, சரக்கு நம்முடையது. இருபது விநாடிக்குள் சிக்கல் இன்னதென்று தெரிந்துவிட வேண்டும். பிறகு அதே சிக்கல் இறுகிக்கொண்டே போக வேண்டும், புதுச் சிக்கல் நுழையக் கூடாது. நம் ஸ்கிட்கள் இடறுவது இங்கேதான்: பாதியில் காதல் வரும், குத்துப்பாட்டு வரும், கடைசியில் 'மரம் வளர்ப்போம்' வரும்.

டப்ளின் உச்சரிப்பு முதலில் பிடிபடாது. வேகத்தை 0.75-க்குக் குறைத்து, சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். யூடியூப் தானாகப் போடும் சப்டைட்டில் இந்தப் பேச்சில் அடிக்கடி உளறும். செட்டிங்ஸில் வேறு ஆங்கில சப்டைட்டில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இவர்கள் கேமராவை நம்பி நடிப்பவர்கள். ஒரு புருவம் உயர்ந்தால் போதும். கல்லூரி ஆடிட்டோரியத்தில் நாலாவது வரிசைக்கே புருவம் தெரியாது. அதே உணர்ச்சி தோளுக்கும் காலுக்கும் வர வேண்டும். விக் மாற்ற ஒருவர் உள்ளே போனால், வெளியே இருப்பவர்களுக்குக் கால் நிமிட வசனமாவது எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் வெறும் மேடையைப் பார்த்து விசில்தான் வரும். ஸ்டாண்டு மைக் இரண்டே இருந்தால் நிற்கும் இடத்தையும் ஒத்திகையிலேயே குறித்துவிடுங்கள்.

குறை இல்லாமலில்லை. வாரம் ஒன்று என்பதால் தரம் ஏறி இறங்கும். பல ஸ்கெட்ச்கள் முடிவு கிடைக்காமல் சட்டென்று நின்றுவிடுகின்றன. அயர்லாந்து அரசியலை வைத்து வருபவை நமக்கு ஒட்டாது, தாண்டிவிடலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃப்ரிஞ்ச் கலைவிழாவில் போட்ட 'ஓயிங்க்', 'கிராக்லிங்', 'ஸ்வைன்ஸ்' போன்ற மேடை நிகழ்ச்சிகள் வேறு வகை: பார்வையாளர்களை வம்புக்கிழுத்து அதிலிருந்தே சிரிப்பைக் கறப்பார்கள். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த மதுரைக்கு அந்த வித்தை புதிதில்லை. யூடியூப் ஸ்கெட்ச்களில்தான் அது கிடைக்காது.