மழைக்காலத்தில் டிஜிட்டல் பூட்டு

போன வாரம் எங்கள் வாசல் கதவு டிஜிட்டல் பூட்டின் மோட்டாரை மாற்றினோம். வாரன்ட்டி முடிந்துவிட்டதால் செலவு எங்கள் தலையில். அதே வாரத்தில் நண்பன் போன் செய்து, "ஆஃபர்ல விலை நல்லா குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவியை யார் எடுத்துப் போனது என்ற சண்டையே வீட்டில் இப்போது இல்லை. வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி எண். ஊரிலிருந்து மாமா வந்தால், அவர் இருக்கும் நாட்களுக்கு மட்டும் செல்லும் எண். பக்கத்தில் யாராவது நின்றால், சரியான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத எண்களைச் சேர்த்து அழுத்தலாம், கதவு திறந்துவிடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இது ஓடுவது நான்கு அல்கலைன் பேட்டரியில். அவை தீர்ந்தாலும், வெளிப்பக்கம் அடியில் உள்ள இரண்டு முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை வைத்துப் பிடித்தால் உயிர் வந்துவிடும். அம்மாவின் கைரேகையை மட்டும் படிப்பதில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல், ரேஷன் கடை மெஷினிலும் இதே தொல்லைதான். அவர் எண்ணை அழுத்திக்கொள்கிறார்.

என் கோபமெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான். சென்னை மழையில் மரக்கதவு ஈரம் குடித்து உப்பும், நிலையில் உரசும். பூட்டின் நாக்குக்கும் நிலையில் அடித்த தகட்டின் துளைக்கும் ஒரு நூல் விலகினால் போதும். மோட்டார் முக்கும். நாக்கு பாதி நீண்டு துளையின் ஓரத்தில் இடிக்கும், பின்வாங்கும், மறுபடி இடிக்கும், கடைசியில் பூட்டு பீப் பீப் என்று அலறும். ராத்திரி நேரத்தில் எதிர் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்க்கிறார்.

பழைய சாவிப் பூட்டு இருந்தபோதும் இதே கதவுதான், இதே உப்பல்தான். ஆனால் அம்மா கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சாவியைத் திருப்புவார். நாக்கு எங்கே இடிக்கிறது என்று சாவி வழியாகவே விரலுக்குத் தெரியும். அதற்கேற்பக் கதவை அசைத்தால் சட்டென்று விழும். மோட்டாருக்குத் தள்ள மட்டும்தான் தெரியும். தள்ளித் தள்ளிப் பேட்டரி தீர்கிறது, உள்ளே பல்சக்கரம் தேய்கிறது. ஒரு வருடம் வரும் என்று சொல்லி விற்ற பேட்டரி, மழைக்காலத்தில் அதில் பாதிகூட வரவில்லை.

ரிப்பேருக்கு வந்த தம்பி, "சார், பூட்டுல தப்பில்ல, கதவுலதான் தப்பு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மரக்கதவு மழையில் உப்பும் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? மாட்டும் அன்றைக்கே துளையை ஒரு நூல் கூடுதலாகச் செதுக்கியிருக்கலாமே! அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசாரியை வரவழைத்துக் கதவின் ஓரத்தை இழைத்து, தகட்டை நகர்த்தி அடித்த பிறகு பூட்டு சத்தமில்லாமல் விழுகிறது.

வசதியைக் கணக்குப் பார்த்தால் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் நண்பனிடம் வேண்டாம் என்றேன். அவன் வீட்டில் சாரல் நேராகக் கதவில் அடிக்கும். எங்கள் ஊர் வீட்டுக் கேட்டில் தொங்குவது திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கைவேலைதான். வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. எப்போதாவது இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும், வேறெதுவும் அது கேட்டதில்லை.

அப்படியும் வாங்கித்தான் தீருவேன் என்றால், ஆஃபரை விட்டுவிட்டு மழை முடியும்வரை பொறுத்திரு. கதவு எங்கே உரசுகிறது என்று பார்த்து முதலில் ஆசாரியைக் கூப்பிடு, அப்புறம் பூட்டு வாங்கு. கூடவே வரும் அவசரச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டாதே, எதிர் வீட்டில் கொடுத்து வை.