ஜூமாவா, லக்ஸரா? எங்கிருந்து சுடுகிறோம் என்பதில்தான் எல்லாம்

கோலிகளைச் சுட்டு நிறம் சேர்க்கும் கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆடுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பக்கம் பாப்கேப் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஜூமா. இன்னொரு பக்கம் மம்போஜம்போ நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த லக்ஸர். பாதையில் உருண்டைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்று ஒரே நிறம் சேர்ந்தால் வெடிக்கும், வரிசை கடைசி வரை போய்ச் சேர்ந்தால் தோற்றோம். அடிப்படை இரண்டிலும் இதுதான். ஆனாலும் ஒன்றை விரும்புகிறவருக்கு மற்றது பிடிக்காமல் போவது சகஜம். அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்தப் பழைய சண்டையை ஓரங்கட்டிவிடுவோம். லக்ஸர் ஜூமாவைக் காப்பியடித்தது என்று ஜூமா ரசிகர்கள் சொல்வதுண்டு. ஆனால் சுருள் பாதை, நடுவில் சுடும் கருவி, மூன்று சேர்ந்தால் மறையும் உருண்டைகள் எல்லாம் 1998-லேயே வந்துவிட்டன. ஜப்பானின் மிட்செல் கார்ப்பரேஷன் ஆர்கேட் இயந்திரத்துக்குச் செய்த பஸ்ஸ் லூப் கேமில் இவை அத்தனையும் உண்டு. ஆகவே யார் முதலில் என்ற கேள்வியில் ஜூமாவுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. யார் நன்றாகச் செய்தார்கள் என்று கேட்பதுதான் சரி.

ஜூமாவில் உருண்டைகளைச் சுடும் கல் தவளை பெரும்பாலும் திரையின் நடுவே ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். சுற்றிச் சுற்றித் திரும்பும், நகராது. லக்ஸரில் சிறகு விரித்த வண்டு ஒன்று திரையின் அடியில் இடவலமாக ஓடும், நேர் மேலே மட்டும் சுடும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆடிப் பார்த்தால் மூளை வேலை செய்யும் விதமே மாறிப்போகிறது.

தவளையால் நகர முடியாததால், உள்சுற்றில் இருக்கும் உருண்டைகள் வெளிச்சுற்றை மறைக்கும். வெளியே இருப்பதை அடிக்க வேண்டுமானால் உள்ளே ஒரு சந்து திறக்க வேண்டும். அந்தச் சந்து வழியாகச் சுட்டுச் சேர்த்தால் தனி போனஸும் கிடைக்கும். இப்படி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள்: பாதை முடிவில் இருக்கும் மண்டையோட்டை நோக்கிப் போகும் வரிசையில் முன்னால் இரண்டு பச்சை, அதற்குப் பின்னால் இரண்டு நீலம், அதற்கும் பின்னால் ஒரு பச்சை. தவளை வாயில் நீலம். நீலத்தைப் போட்டால் மூன்று நீலமும் போகும். முன்னால் நிற்கும் இரண்டு பச்சையும் காந்தம் இழுத்ததுபோல் பின்னால் ஓடிவந்து அந்த ஒற்றைப் பச்சையோடு ஒட்டி, அவையும் வெடிக்கும். ஒரே குண்டில் இரண்டு கூட்டம் காலி, கூடவே அந்த மோதலில் வரிசையும் கொஞ்சம் பின்வாங்கும். நிறம் பொருந்தாவிட்டால்கூட நஷ்டமில்லை. பிரிந்த முன்பகுதி, பின்பகுதி வந்து தொடும்வரை அப்படியே நிற்கும். அந்த இரண்டு மூன்று விநாடியை வாங்குவதற்காகவே நடுவில் வெட்டுகிறவர்கள்தான் ஜூமாவில் தேறுகிறார்கள். மண்டையோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே பதறிப் பதறிச் சுடுகிறவர்களுக்கு ஐந்தாறு நிறம் வரும் லெவல்களில் மூச்சு முட்டிவிடும்.

லக்ஸரிலும் இந்த இழுப்பும் தொடர்வெடிப்பும் உண்டு. ஆனால் அங்கே கவனம் வேறொன்றில் சிதறும். உருண்டைகள் வெடிக்க வெடிக்க மேலிருந்து நாணயம், நகை, பவர்-அப் (தற்காலிகச் சிறப்புச் சக்தி) எல்லாம் கொட்டும். அவற்றை வண்டை ஓட்டிப்போய்ப் பிடிக்க வேண்டும். வலது ஓரத்தில் வரிசை பாதை முடிவில் இருக்கும் பிரமிடை நெருங்குகிறது, இடது ஓரத்தில் வரிசையைப் பின்னோக்கித் தள்ளும் பவர்-அப் விழுந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் போவது? இந்தத் தவிப்புதான் லக்ஸரின் உயிர். ஜூமாவில் பவர்-அப் உருண்டையின் மேலேயே ஒட்டியிருக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அதைச் சேர்த்து வெடித்தால் பலன் உடனே வந்துவிடும், ஓடிப்பிடிக்கும் வேலை கிடையாது.

"லக்ஸர் சுலபம்" என்று அடிக்கடி சொல்லப்படுவதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மறைப்பு இருந்தால் நகர்ந்து வேறு சந்து பார்க்கலாம், பவர்-அப்பும் தாராளம். அதனால் ஆரம்ப லெவல்கள் சுலபம்தான். ஆனால் குண்டு அடியிலிருந்து உச்சி வரை போக நேரம் பிடிக்கும். அதற்குள் வரிசை நகர்ந்துவிடும். ஓடும் வரிசைக்கு முன்கூட்டிக் குறிவைக்கப் பழகாதவர் மேல்வரிசையில் தப்பு நிறத்தைச் செருகிவிட்டு அதைச் சுத்தம் செய்வதிலேயே பொழுதைக் கழிப்பார். தவளைக்கு இந்தத் தொல்லை குறைவு, எல்லாச் சுற்றும் ஓரளவு பக்கத்திலேயே இருக்கின்றன.

ஜூமா மீது வரும் புகார்களில் ஒன்று முழுக்க நியாயம். லைஃப் எல்லாம் தீர்ந்தால் அந்தக் கட்டத்தின் முதல் லெவலுக்கே திரும்பிப் போக வேண்டும். கடைசி லெவலில் திணறுகிறவர் ஏற்கெனவே ஜெயித்த லெவல்களை மறுபடி மறுபடி ஆடிச் சலித்துப்போகிறார். ஓய்வு நேரத்தில் சும்மா ஆட வந்தவரை இப்படி அலைக்கழிப்பது தேவையில்லாத கண்டிப்பு.

2009-இல் வந்த ஜூமாஸ் ரிவெஞ்ச் இரண்டு கட்சியையும் சமாதானப்படுத்தப் பார்த்தது. சில லெவல்களில் தவளை ஒரு கோட்டில் நகரும், சிலவற்றில் இரண்டு இலைகளுக்கு இடையே தாவும். லக்ஸர் ரசிகர்கள் கேட்டதில் பாதி இதிலேயே வந்துவிட்டது. தாவும் லெவல்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், ஒரே வரிசையை இரண்டு கோணத்தில் பார்க்கவைக்கின்றன. பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு போடும் சண்டைகளைப் பற்றித்தான் கருத்து பிளவுபட்டிருக்கிறது. வரிசையில் சந்து திறந்து அது வழியாக எதிரியை அடிக்க வேண்டும். சந்து திறக்கும் பழக்கத்துக்கு அது நல்ல பயிற்சி என்பேன், புதிர் ஆட வந்தவருக்குச் சண்டை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

10டன்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க்கிள் ஜூமா வகையறாதான், சூழல் மட்டும் இருட்டும் அமைதியுமாக இருக்கும். ஆரவாரம் பிடிக்காதவர்கள் அதை எடுக்கலாம்.

போனில் ஆடுவதானால் கணக்கு மாறுகிறது. ஜூமா பாணியில் எந்த உருண்டையை அடிக்க வேண்டுமோ அதையே தொட்டால் போதும். லக்ஸர் பாணியில் வண்டை விரலால் இழுத்துக்கொண்டே விழுவதையும் பிடிக்க வேண்டும். மவுஸில் வெண்ணெயாக வழுக்கும் இந்த வேலை சின்னத் திரையில் கஷ்டம், விரலே பாதி பாதையை மறைத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் எண்ணற்ற நகல்களில் வேறொரு சிக்கல்: தோற்ற இடத்திலிருந்து தொடர விளம்பரம் பார் என்பார்கள். அப்படித் தொடர்ந்து பழகினால் நடுவில் வெட்டி நேரம் வாங்கும் பழக்கம் வராது, தோற்பதற்கு விலையே இல்லாமல் போகிறது.

என் ஓட்டு ஜூமாவுக்கு. கணினியில் மவுஸோடு ஆடுகிறவர், விறுவிறுப்பு வேண்டுமென்றால் லக்ஸரையே எடுக்கட்டும். ஜூமா எடுப்பவர் கதைப் பயணத்தில் சிக்கிக்கொண்டால் காண்ட்லெட் பகுதிக்குப் போய், திணறவைத்த அதே பாதையைப் பயிற்சிக்காக ஆடிப் பார்க்கலாம். எந்த வளைவில் சந்து திறந்தால் வெளிச்சுற்று தெரிகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.