யானைமலையிலிருந்து சமணர் மலை வரை: ஒரு நாள் பயணமும், கையேட்டின் இரண்டு பதிப்புகளும்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஒரு நாள் வேன் பயணம் நடத்தும் சிறு குழு ஒன்றுடன் இரண்டு முறை, 2022 ஜனவரியிலும் 2025 பிப்ரவரியிலும், சென்று வந்தேன். பயணத்தைப் பற்றி மனம் நிறைந்த பாராட்டும், அவர்கள் தரும் கையேட்டைப் பற்றி அழுத்தமான ஒரு குறையும் எனக்கு உண்டு. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன். ஒத்தக்கடையில் பிறந்து, யானைமலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் என்பதால் இந்த மலைகளின் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பது எனக்கு வெறும் சுற்றுலா விஷயமாக இருந்ததில்லை.

ஆளுக்கு 1,200 ரூபாய்; காலை உணவும் மோரும் அதில் அடக்கம். காலை 5.30 மணிக்கு மாட்டுத்தாவணியில் வேன் புறப்படுகிறது. முதல் முறை சமணர் மலையை முதலில் பார்த்துவிட்டு யானைமலை அடிவாரத்திலுள்ள நரசிங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இப்போது அந்த வரிசையை மாற்றி யானைமலையை முதலில் வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் அங்கே நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. பெண்களுக்குக் கழிப்பறை வசதி உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துவது மட்டும் இன்னும் ஒழுங்காகவில்லை.

இந்தப் பயணத்தின் உயிர் யானைமலைதான். பெரும்பாலான வழிகாட்டிகள் திருவிளையாடல் கதையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வரலாறு படித்தவர்கள் கதையை ஒதுக்கிவிட்டுக் கல்வெட்டை மட்டும் படிப்பார்கள். எங்களுடன் வந்த வழிகாட்டி, கல்வெட்டியல் படித்த இளம்பெண், இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திச் சொன்னார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 22-ஆவதாக வருவது யானை எய்த படலம். சோழன் ஏவலால் சமணர்கள் வேள்வி செய்து எழுப்பிய யானை மதுரையை அழிக்க வருகிறது; சோமசுந்தரர் வேடனாக நின்று நரசிங்கக் கணையை எய்கிறார்; விழுந்த யானை மலையாகிறது; கணை அங்கேயே நரசிங்கமாக எழுந்தருளுகிறது. என் அப்பத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது மலையின் துதிக்கைப் பக்கத்தைக் கையால் வரைந்து காட்டுவார்.

அந்தக் கதையைக் கேட்ட சூடு ஆறுவதற்குள் குடைவரையின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்குள்ள கல்வெட்டு வேறொன்றைச் சொல்கிறது. பாண்டியன் மாறஞ்சடையனின் அமைச்சரான, கரவந்தபுரத்து மாறன் காரி என்பவர் திருமாலுக்கு இந்தக் கற்றளியைக் குடைவித்தார். பணி முழுமை பெறுமுன் அவர் இறந்துவிட, பின்னர் அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்குச் செய்தார். கிரந்த எழுத்தில் வடமொழியாகவும் வட்டெழுத்தில் தமிழாகவும் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. கலியாண்டுக் கணக்கும் இருப்பதால் காலம் கி.பி. 770 என்று தெளிவாகத் தெரிகிறது. ஓர் அண்ணன் தொடங்கித் தம்பி முடித்த திருமால் கோயிலை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சைவப் புராணம் சிவபெருமானின் அம்பாக்கித் தன் கதைக்குள் இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கோயிலை இடிக்கவும் இல்லை, கல்வெட்டைச் சிதைக்கவும் இல்லை. அதற்கு இருந்த காரணத்தை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறது.

மலையின் இன்னொரு பக்கத்தில் பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. சுதையும் வண்ணமும் பூசியிருந்ததன் எச்சத்தை இன்றும் காணலாம். கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் அங்கே வருகிறது. மாலையில் சமணர் மலையிலும் அதே பெயரைப் பார்த்தபோது, ஒரே மனிதரை ஒரே நாளில் இரு ஊர்களில் சந்தித்ததுபோல் இருந்தது. இந்த உருவங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

அடுத்துக் காட்டியதுதான் எனக்குப் புதிது. யானைமலைச் சமணப் படுக்கைகளின் மேலுள்ள தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டின் மைப்படி நகலை விரித்து, அதன் தொடக்கத்தில் உள்ள ‘இவகுன்றம்’ என்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சுட்டினார். ‘இவ’ என்பது யானையைக் குறிக்கும் ‘இபம்’ என்ற சொல்லின் வடிவம் என்று அறிஞர் கொள்வர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சமணத் துறவிகள் தங்கியிருந்த காலத்திலேயே, இது யானைக் குன்றுதான். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் தம் மதுரைப் பதிகத்தில் ஆனைமாமலை முதலிய இடங்களில் இருந்த சமணரைக் குறிப்பிடுகிறார். ஆக, மலையின் வடிவம் பெயரைத் தந்தது. பெயர் பின்னால் கதையைத் தந்தது. கதை அங்கிருந்த துறவிகளை மந்திரவாதிகளாக்கியது. புராணத்தின் 28, 29-ஆம் படலங்களில் நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே போன்ற பிறப்புக் கதைகள் சொல்லப்படுகின்றன. அவற்றிலும் பாம்பையும் பசுவையும் ஏவியவர்கள் சமணர்களே. மதுரையில் பேருந்தில் போகும் எவரும் தினமும் உச்சரிக்கும் பெயர்கள் இவை. அந்தப் பெயர்களுக்குள் ஒரு பழைய வழக்கின் ஒரு தரப்பு வாதம் மட்டும் தங்கிவிட்டிருக்கிறது என்பதை, ஐம்பது வயதில், இந்தப் பயணத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், நெற்றி நிறைய திருநீறு அணிந்தவர், சற்றே வருத்தத்துடன் கேட்டார்: “அப்படியென்றால் பரஞ்சோதியார் சொன்னது பொய்யா, அம்மா?” வழிகாட்டி அவசரப்படவில்லை. “பொய் என்று நான் சொல்லவில்லை, ஐயா. மாறன் காரி காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் இந்தக் கல்லைக் கேட்போம். பரஞ்சோதியார் காலத்து மதுரைக்காரர்கள் இந்த மலையை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் புராணத்தைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்காது” என்றார். பெரியவர் தலையசைத்தார், முழுதாக ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியவில்லை, ஆனால் அன்று முழுவதும் அந்தப் பெண்ணின் அருகிலேயே நடந்து வந்தார். புராணமே ஒரே வடிவில் நமக்கு வரவில்லை என்பதையும் வழிகாட்டி எடுத்துச் சொன்னார். பரஞ்சோதி முனிவருக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி அறுபத்துநான்கு திருவிளையாடல்களையும் பாடியிருக்கிறார், உ.வே. சாமிநாதையர் அதை 1906-இல் பதிப்பித்தார். இரண்டிலும் கதைகளின் வரிசை வேறு, சொல்லும் முறையும் வேறு. மதுரையில் இன்று பெரும்பாலோர் அறிந்தது பிந்தைய வடிவத்தைத்தான்.

தமிழி கல்வெட்டுகள் உள்ள மாங்குளத்தை வேனில் போகும்போதே வாய்மொழியாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். நேரம் இல்லை என்பது புரிகிறது, ஆனாலும் ஏமாற்றம்தான். அந்தக் கல்வெட்டுகள் 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டுபிடித்தவை. அவற்றின் மொழி தமிழ் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்து விளக்கினார். ஒரே கல், எண்பது ஆண்டுகளில் மூன்று படிகள். கல்வெட்டு அறிஞர்கள் புதிய வாசிப்பைத் தரும்போது முன்னவர் எப்படிப் படித்தார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவைப்பது வழக்கம். இதை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் கையேட்டைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

மாலையில் சமணர் மலை உள்ள கீழக்குயில்குடி. தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் சேர்ந்த அந்த மலையடிவாரத்தை மதுரைக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. செட்டிப்புடவுக்குப் படியேறினால் குகையின் ஒரு பக்கத்தில் முக்குடைக்குக் கீழே பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளுடன் அமர்ந்திருக்கும் அந்த உருவத்தை ஊர் மக்கள் ஒரு செட்டியாராகக் கண்டார்கள். அதனால் அது செட்டிப்புடவு. சமணம் இந்த வட்டாரத்தில் மறைந்து, வட்டெழுத்தைப் படிப்பவர் எவரும் இல்லாமல் போன பிறகு, அந்தத் திருமேனியைத் தங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதராக்கிக்கொண்டார்கள். பெயர் தவறுதான், ஆனாலும் அந்த உருவம் அவர்களுக்கு அந்நியமாகிவிடாமல் காத்தது அந்தப் பெயர். படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எங்களிடம், “சாமியைப் பார்த்துட்டு மெதுவா இறங்குங்கப்பா, கல்லு வழுக்கும்” என்றார். எந்தச் சாமி என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அதே மலையின் பேச்சிப்பள்ளத்தில் எட்டு உருவங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் கீழ், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்து சொல்கிறது. வழிகாட்டி எங்கள் ஒவ்வொருவரையும், அந்த வரியை விரலால் தொடாமல், காற்றில் எழுதிப் படிக்கச் செய்தார். அரசர்களின் மெய்க்கீர்த்திகளுக்கு நடுவே ஒரு தாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக எந்தத் திருத்தத்துக்கும் ஆளாகாமல் நிற்பதைக் கண்டபோது தொண்டை அடைத்தது. மேலே மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இனி, கையேடு. சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர் கழுவில் ஏற்றிக் கொல்லப்பட்டனர் என்ற கதையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பயணத்தை நடத்த முடியாது. வழிகாட்டி வாய்மொழியாகச் சொன்னது மிகச் சரியான வரிசை: ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரின் பதிகங்களில் சமணருடன் நடந்த வாதின் வேகம் இருக்கிறது, கழுவேற்றக் காட்சி விவரிக்கப்படவில்லை, 11-ஆம் நூற்றாண்டில் நம்பியாண்டார் நம்பியின் பாடல்களில் கழு வருகிறது, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் எட்டுக் குன்றத்து எண்ணாயிரவர் என்ற முழுக் காட்சி வருகிறது, பரஞ்சோதியாரிடம் அது 63-ஆவது திருவிளையாடலாகவே இடம்பெறுகிறது. சம்பந்தருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் குணமதியார் இந்த மலையில் திருமேனி செய்வித்துக்கொண்டிருந்தார் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். தீர்ப்பை எங்களிடமே விட்டுவிட்டார்.

ஆனால் 2022-இல் எனக்குத் தரப்பட்ட கையேட்டின் 19-ஆம் பக்கம், எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்பதை ஆண்டோ ஆதாரமோ இல்லாமல் நடந்த நிகழ்ச்சியாகவே எழுதியிருந்தது. 2025-இல் தந்த கையேட்டில் அந்தப் பத்தியே இல்லை. அந்த இடத்தில் மதுரையில் எல்லாச் சமயங்களும் எப்போதும் இணக்கமாக வாழ்ந்தன என்ற ஒற்றை வரி இருக்கிறது. செட்டிப்புடவு என்ற படக்குறிப்பும் ‘மகாவீரர் குகை’ என்று மாறி, ஊர்ப்பெயர் காணாமல் போயிருக்கிறது. முதல் பக்கத்தில் ‘மறுபதிப்பு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி மீண்டும் அச்சிட்டால்தான் அது மறுபதிப்பு. பத்தியை நீக்கி, பெயரை மாற்றி, புதிய வரி சேர்த்தால் அது திருத்திய பதிப்பு. அப்படிச் சொல்லி, எதைத் திருத்தினோம், ஏன் திருத்தினோம் என்று அரைப் பக்கம் எழுதியிருக்க வேண்டும். முதல் பதிப்பு, புராணத்தை வரலாறாக்கியது. இரண்டாவது, அந்தப் புராணம் இருந்ததையே மறைக்கிறது. யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் கழுவேற்றக் கதையை நம்பி வளர்ந்தவருக்கும், அதை மறுப்பவருக்கும், சமண சமயத்தைச் சேர்ந்தவருக்கும் அந்தக் கதை எப்போது, யாரால், எப்படி எழுந்தது என்று அறிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. வேனில் அவ்வளவு நேர்மையாகச் சொல்லப்பட்டது, அச்சில் ஏறும்போது ஏன் பயப்பட வேண்டும்?

இதையெல்லாம் குழுவுக்குக் கடிதமாக எழுதினேன். அடுத்த அச்சில் கவனிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. வழிகாட்டி சொல்வதையே எழுதி வாங்கி அச்சிட்டால் போதும். வேறு ஆசிரியரைத் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மார்கழி, தை மாதங்களில் போவது நல்லது. பங்குனிக்குப் பிறகு செட்டிப்புடவுப் பாறையில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் யானைமலையோடு நிறுத்திக்கொள்ளலாம், அரை நாள் கட்டணமும் உண்டு. கையேட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வழிகாட்டி சொல்வதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பின் 19-ஆம் பக்கம் என்னிடம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் படமெடுத்து அனுப்புகிறேன்.